ஹம்மாமில் யாரும் விழவில்லை

வசீலாவுக்குப் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது. துனிஸுக்குத் தெற்கே, கைருவான் ஊரில் அவளுடைய தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வீட்டு வாசலில், ரவைக்குள் பேரீச்சை அடைத்த மக்ரூத் பொரித்து விற்கிறவள். பேரீச்சை கொஞ்சம் பழசாகிவிட்டால், "இது போன வருஷத்துப் பழம், வேணும்னா வாங்கு, இல்லேன்னா போ" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். புருஷன் செத்துப் பதினாறு வருஷம். ஒரே மகளை வளர்த்து, படிக்கவைத்து, நல்ல இடத்தில் நிச்சயமும் செய்தாயிற்று. இவ்வளவுக்கும் நடுவில் அவள் சொன்னது ஒரே ஒரு பெரிய பொய். பழக்கமில்லாதவர்கள் பொய் சொன்னால் இதுதான் கஷ்டம், அதை எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியாது.

சொன்னது மீலாது அன்றைக்கு. சம்பந்தி வீட்டார் தட்டோடு வந்திருந்தார்கள். நிச்சயமான பெண்ணுக்குப் பண்டிகைதோறும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து தட்டு வரவேண்டும். வராவிட்டால் தெரு பேசும், வந்தால் தட்டில் என்ன இருந்தது என்று பேசும். மாப்பிள்ளை ஹாத்தெமின் தாய் ஜலீலா வாசனைத் தைலமும் பட்டுத்துணியும் மைசாவின் அளவுக்குச் செருப்பும் கொண்டுவந்து பரப்பினாள். எல்லாரும் தரை மெத்தையில் காலை மடித்து உட்கார்ந்து மீலாது இனிப்பான அஸீதா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மைசா மட்டும் வலது காலை நீட்டி, மேலே போர்வையைப் போட்டு மூடியிருந்தாள். ஜலீலாவின் கண் நேராக அங்கே போய் நின்றது.

"ஏம்மா காலை நீட்டி வெச்சிருக்கே? மடிக்க முடியலையா?"

மைசா தாயைப் பார்த்தாள். தாய் அஸீதாவைப் பார்த்தாள்.

விஷயம் வேறு. இரண்டு மாதத்துக்கு முன்னால், ஆலிவ் பறிக்கும் காலத்தில், தொழுகையில் சரியாக மடங்கி உட்கார முடியவில்லை என்று மைசா சொன்னாள். முட்டிக்குப் பின்னால், கொஞ்சம் மேலே, வசீலா தொட்டுப் பார்த்தாள். உருளைக்கிழங்கு அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை, சிவப்பு இல்லை, சூடு இல்லை. அழுத்தினால் அசையவில்லை. சதை மாதிரி இல்லாமல் எலும்பு மாதிரி இருந்தது. வலிக்கவில்லையே என்று மைசாவுக்கு நிம்மதி. வலிக்கவில்லையே என்றுதான் வசீலாவுக்குப் பயம். அவளுடைய நாத்தனாருக்கும் அப்படித்தான், மார்பில், வலிக்காமல் ஆரம்பித்தது. அந்த நோயின் பெயரை அந்தத் தெருவில் யாரும் வாயால் சொல்வதில்லை. 'அது' என்பார்கள், கையால் காற்றைத் தள்ளுவார்கள். 'அது' வந்த வீடு என்று தெரிந்த மாதமே நாத்தனாரின் இரண்டு பெண்களுக்கும் பேசிவைத்த இடங்கள் பேசாமல் போயின.

அதனால் வசீலா வாயைத் திறந்தாள்.

"ஹம்மாம்ல வழுக்கி விழுந்துட்டா, லல்லா ஜலீலா. யாரோ தரையில சோப்பை அப்படியே விட்டிருக்காங்க."

"எந்த ஹம்மாம்? நம்ம மன்னூபியா இருக்கிற இடமா? அவ கண்ணு எங்க போச்சு?"

அந்த இடத்தில் வசீலா, மன்னூபியா மேல் தப்பு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜலீலாவின் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி அஸீதா போட்டாள்.

ஜலீலா கெட்டவள் இல்லை. அதுதான் வசீலாவின் துரதிர்ஷ்டம். நல்ல மனசும் பெரிய குரலும் சேர்ந்த பெண்மணி, யாருக்காவது ஒன்று என்றால் சும்மா இருக்கத் தெரியாது. மறுநாளே பெண்கள் நேரத்தில் ஹம்மாமுக்கு, அந்தப் பொதுக் குளியல் மண்டபத்துக்குப் போய், நடுக்கூடத்தில் நின்று மன்னூபியாவைப் பிடித்துக்கொண்டாள். மன்னூபியா அங்கே முதுகு தேய்த்துவிடுகிறவள். தெருவில் பாதிப் பெண்களின் முதுகு அவள் கைக்குத் தெரியும். வருகிறவர்களை மரியாதையாக 'லல்லா' என்று கூப்பிடுவாள், எதிர்த்துப் பேசும் வழக்கம் அவளுக்கில்லை. ஈரக்கையைக் கட்டிக்கொண்டு நின்று, "தப்புதான் லல்லா, நான் கவனிச்சிருக்கணும்" என்றாள்.

அவ்வளவுதான். நடக்காத ஒன்றுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அவளிடம் முதுகைக் கொடுக்கவில்லை. ஹம்மாம்காரர் அவளிடமிருந்து முதுகு தேய்க்கும் கையுறையை வாங்கிவிட்டுத் தரை தேய்க்கும் பிரஷைக் கொடுத்தார்.

அந்த வாரமே மன்னூபியா வசீலாவின் வாசலுக்கு வந்தாள். கையில் அவள் வீட்டில் அரைத்த மிளகாய் விழுது, ஹரிஸா, ஒரு பாட்டில். மக்ரூத் வாங்க இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள்.

"பொண்ணு கால் எப்படி இருக்கு, லல்லா? என்னால வந்தது. மன்னிச்சுடுங்க."

வசீலாவுக்கு முகம் எரிந்தது. அந்த இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போகட்டும் மன்னூபியா. மன்னிச்சுட்டேன்" என்று சொல்லி பாட்டிலை வாங்கி உள்ளே வைத்தாள். தெருவில், 'வசீலாவுக்கு எவ்வளவு பெரிய மனசு' என்று பேசிக்கொண்டார்கள். ஹரிஸா நன்றாகவே இருந்தது, ஒன்றரை மாதம் வந்தது.

ஜலீலா அதோடு விடவில்லை. எலும்பு டாக்டர் லஸ்ஸாத் தன் அண்ணன் மகனுக்குச் சிநேகிதர் என்று சொல்லிப் பார்க்க நேரம் வாங்கி, மைசாவைத் தானே கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். வசீலா பின்னால் போனாள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். தொடை எலும்பின் அடியில், பின்பக்கம், ஒரு வெள்ளைத் திட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு விஷயம் இப்படித் தெரியும்" என்றார். "பலமா அடிபட்டா சதைக்குள்ள ரத்தம் கட்டி, அப்படியே எலும்பா இறுகிடும். அதை ஒண்ணும் பண்ண வேணாம், தானா அடங்கிடும். இன்னொண்ணு எலும்போட மேல்தோல்லேர்ந்து மெதுவா வளர்றது. அது ரொம்ப அபூர்வம், இருபது வருஷத்துல நான் ரெண்டே ரெண்டு பாத்திருக்கேன். அடிபட்டுச்சா இல்லையா, அதை முதல்ல சொல்லுங்க."

"பட்டுச்சு டாக்டர்" என்றாள் ஜலீலா. "ஹம்மாம்ல விழுந்தா. அங்க இருக்கிறவளே ஒத்துக்கிட்டா."

டாக்டர் வசீலா பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தீங்களா?"

இத்தனை நாளும் பொய் ஒரு வாக்கியமாகத்தான் இருந்தது. மற்றதெல்லாம் ஜலீலா கட்டியது. இப்போது அவளே செங்கல் எடுத்து வைக்க வேண்டும். ஜலீலா பக்கத்து நாற்காலியில் மைசாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தேன்" என்றாள் வசீலா.

டாக்டர் எழுதிக்கொண்டார். இப்போது ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால் குழப்பும், ஆறுகிற எலும்பு சில சமயம் கெட்டது மாதிரியே தெரியும், மூன்று மாதம் கழித்து மறுபடி படம் எடுக்கலாம் என்றார். "வளர்ந்தா அதுவரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே வாங்க" என்று இரண்டு முறை சொன்னார்.

வெளியே வரும்போது வசீலாவுக்கு உடம்பே லேசாக இருந்தது. டாக்டரே சொல்லிவிட்டாரே, ரத்தக்கட்டு என்று. தான் கொடுத்ததைத்தான் அவர் திருப்பிக் கொடுத்தார் என்பது அவளுக்குத் தெரியாதா, தெரியும். ஆனால் படித்தவர் வாயிலிருந்து வரும்போது அது மருந்து மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய் மைசாவிடம், "நீ எங்கேயாவது இடிச்சுக்கிட்டு மறந்திருப்பே" என்றாள். மைசா யோசித்துப் பார்த்து, "இருக்கலாம் உம்மா" என்றாள்.

மூன்று மாதம் ஏழு மாதமானது. முதலில் மாப்பிள்ளையின் தங்கை கல்யாணம், அதற்கு நாற்பது தட்டு மக்ரூத். பிறகு ரமலான், ரமலானில் கைருவான்காரிக்கு மூச்சுவிட நேரமில்லை. பிறகு பெருநாள். இதெல்லாம் காரணமே இல்லை என்று வசீலாவுக்கே தெரியும். படம் எடுத்தால் தெரிந்துவிடும், அதனால் எடுக்கவில்லை. மைசா படியேறும்போது காலைப் பக்கவாட்டில் வீசி ஏற ஆரம்பித்த பிறகுதான் போனார்கள்.

டாக்டர் லஸ்ஸாத் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டு இரண்டையும் அளவுகோலால் அளந்தார். திட்டு இப்போது ஒரு கைமுஷ்டி அளவுக்கு எலும்பைச் சுற்றி வளைத்திருந்தது.

"நான் இதுல கை வைக்க மாட்டேன்" என்றார். "துனிஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. எங்க குத்திச் சதை எடுக்கணும்கிறதை, நாளைக்கு அறுக்கப் போறவங்கதான் முடிவு பண்ணணும். ஊசி போன வழியையும் சேத்து வெட்டி எடுக்க வேண்டி வரும். நான் தப்பான பக்கம் குத்திட்டா, காலே போயிடும்."

துனிஸில் ஸ்கேன் எடுத்தார்கள், நெஞ்சுக்கும் சேர்த்து. முட்டிக்குப் பின்னால் ஓரமாகக் குத்தி, பென்சில் முனை மாதிரி இரண்டு துண்டு எலும்பு எடுத்தார்கள். அதைப் பல நாள் ஊறவைத்து மெல்லியதாகச் சீவிக் கண்ணாடித் துண்டில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமாம், இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். இரண்டு வாரமும் வசீலா எண்ணெய்ச் சட்டியின் முன்னால் உட்கார்ந்து கருகவிட்டாள். அவள் மக்ரூத் கருகி அந்தத் தெரு பார்த்ததில்லை.

வியாழக்கிழமை கூப்பிட்டார்கள். ஜலீலாவும் வந்தாள். வேண்டாம் என்று சொல்ல வசீலாவுக்கு வாய் வரவில்லை. வழியில் சாப்பிட ரொட்டியும் அவித்த முட்டையும் ஒரு கூடையில் ஜலீலா கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஊருக்கெல்லாம் தாயாக இருப்பவளை என்னவென்று சொல்லித் தடுப்பது.

எலும்புத் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டரம்மாவின் பெயர் ஹெலா. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். நோயாளியைப் பார்க்கும் வழக்கம் தனக்கு இல்லை, ஆனாலும் இன்றைக்கு வந்ததாகச் சொன்னாள்.

"எக்ஸ்ரே டாக்டர், அறுக்கிற டாக்டர், நான், மூணு பேரும் காலையிலேர்ந்து உங்க பொண்ணு படத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம். கண்ணாடியில செல்லெல்லாம் ரொம்ப சாதுவா இருக்கு. அடிபட்டு ஆறுற எலும்புன்னும் சொல்லலாம், சாதுவா வேஷம் போடுற புற்றுன்னும் சொல்லலாம். அடிபட்டு வந்ததுன்னா வெளி ஓரத்துலேர்ந்து முத்திக்கிட்டு உள்ள வரும். இது வேர்ல முத்தியிருக்கு, ஓரத்துல இளசா இருக்கு. அது எனக்குப் பிடிக்கலை. ஆனா ஃபைல்ல, விழுந்தா, தாய் பாத்தாங்க, சாட்சியும் இருக்குன்னு எழுதியிருக்கு. அதை நம்பினா, இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துப் பாக்கலாம்னு மத்த ரெண்டு பேரும் சொல்றாங்க. நல்ல முட்டியை வெட்டிட்டா அப்புறம் ஒட்டவைக்க முடியாதே. அதனால உங்களைக் கேட்டுட்டு வரேன்னு எழுந்து வந்தேன்."

அந்த வார்த்தையை அவள் சர்வசாதாரணமாகச் சொன்னாள், புற்று என்று. ஜலீலா கையால் காற்றைத் தள்ளினாள்.

"சொல்லுங்க. விழுந்த அன்னிக்கு வீங்குச்சா? நீலம் பாஞ்சுதா? எத்தனை நாள் நடக்க முடியாம இருந்தா?"

பொய் சொல்வதற்கும் ஒரு திறமை வேண்டும். வீக்கம், நீலம், நாள் என்று யாராவது கேட்பார்கள் என்று அவள் நினைத்துப் பார்த்ததேயில்லை. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. டாக்டரம்மாவே வழியும் காட்டிவிட்டாள், இரண்டு மாதம் பொறுக்கலாமாம். ஆமாம், வீங்குச்சு என்று இரண்டே வார்த்தை போதும்.

"மன்னூபியாவைக் கூட்டிட்டு வரவா டாக்டர்?" என்றாள் ஜலீலா. "அவளே வந்து சொல்லுவா. பாவம், இன்னிக்கு வரைக்கும் அழுதுக்கிட்டிருக்கா."

"உம்மா" என்றாள் மைசா. நீட்டிய காலின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

"விழலை" என்றாள் வசீலா.

டாக்டரம்மா அவள் பக்கம் குனிந்தாள்.

"விழவே இல்லை. நான் பொய் சொன்னேன். போன வருஷம் ஆலிவ் பறிக்கிறப்பவே கட்டி இருந்துச்சு. கல்யாணம் நின்னுடும்னு பயந்தேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஃபைலைத் திறந்து ஒரு வரியை அடித்து, பக்கத்தில் தேதி போட்டாள். விரல்விட்டு எண்ணி, "பதினோரு மாசம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு மைசாவின் தோளைத் தொட்டுவிட்டு, மற்ற டாக்டர்களிடம் போனாள். நடையில் ஒரு அவசரம் இருந்தது.

வெளி வராந்தாவில் ஜலீலா கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வசீலா எதிரே நின்றாள், உட்காரும் தைரியம் இல்லை. நிச்சயத்தை முறித்துக்கொள்வதாக இருந்தால் இங்கேயே, இப்போதே சொல்லிவிடட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னைப் பாத்தா அவ்வளவு பயமாவா இருந்துச்சு, வசீலா?"

பயப்படும்படி ஜலீலா ஒன்றும் செய்ததில்லை. தெரு என்ற ஒன்றை அவள் ஜலீலாவின் முகத்தில் ஒட்டவைத்துப் பார்த்திருந்தாள், அவ்வளவுதான்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே இங்க கூட்டிட்டு வந்திருப்பேனே" என்று சொன்ன ஜலீலாவுக்குத் திடீரென்று ஏதோ உறைத்தது. வாயில் முக்காட்டு நுனியை வைத்துக்கொண்டாள். "அப்போ மன்னூபியா? அத்தனை பேர் முன்னாடி அவளை நான் என்னவெல்லாம் கேட்டேன்."

அறுவை ஐந்தரை மணி நேரம் நடந்தது. எலும்பின் மேல்தோலில் மெதுவாக வளரும் அபூர்வமான வகை, நெஞ்சுக்குப் பரவவில்லை, பெரிய ரத்தக்குழாயைத் தொடுவதற்கு ஒரு நூல் தூரத்தில் நின்றிருந்தது. கால் தப்பியது. முட்டியும் அதற்கு மேலே ஒரு ஜாண் எலும்பும் போய், அங்கே இரும்பு வந்தது. அறுத்த டாக்டர் இளவயசுக்காரர், வெகுளி. படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டே போனவர், "இந்த முதல் படம் எடுத்தப்பவே வந்திருந்தா, பின்னாடி இருந்த திட்டை மட்டும் செதுக்கி எடுத்திருக்கலாம். முட்டி அவங்களோடதாவே இருந்திருக்கும்" என்றார். யாரையும் குத்திச் சொல்லவில்லை. அவருக்குக் கதை தெரியாது.

மைசா அதைப் பற்றித் தாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊன்றுகோலோடு கழிப்பறைக்குப் போகும்போது, பிடிக்க வந்த வசீலாவின் கையை, "நானே போய்க்கிறேன் உம்மா" என்று மெதுவாக விலக்கினாள். ஹாத்தெம் வாராவாரம் மாதுளம்பழத்தோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தான். கல்யாணம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது, நிற்கவில்லை. எதைக் காப்பாற்ற வசீலா அவ்வளவும் செய்தாளோ, அது அவள் கை படாமலேயே பத்திரமாக இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மைசா வீடு வந்த மூன்றாம் வாரம், மத்தியானம் பெண்கள் நேரத்தில், வசீலா துண்டை எடுத்துக்கொண்டு ஹம்மாமுக்குக் கிளம்பினாள். ஜலீலா, "நானும் வரேன், திட்டினது நான்தானே" என்றாள். "வேணாம் லல்லா. அந்தப் பொய்யை நான் தனியாத்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு வசீலா நடந்தாள்.

சூட்டறையில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஆவியில் முதலில் யார் யார் என்று தெரியவில்லை. தூணுக்குப் பக்கத்தில் மன்னூபியா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிரஷால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வருஷத்தில் இன்னும் மெலிந்திருந்தாள்.

"மன்னூபியா" என்றாள் வசீலா. மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அந்த மண்டபத்தில் எதுவும் மெதுவாக இருக்காது. "மைசா இங்க விழவே இல்லை. நான் பொய் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்குங்க, மன்னூபியா மேல ஒரு தப்பும் இல்லை."

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. யாரோ ஒருத்தி, "அப்போ யாருமே விழலையா?" என்று கேட்டாள்.

"யாரும் விழலை."

மன்னூபியா தலையை நிமிர்த்தினாள். கோபம் இல்லை. ஏதோ கணக்குப் போடுகிற முகம்.

"விழுந்தா லல்லா" என்றாள். "நான் பாத்தேன்."

"இல்லை மன்னூபியா. அன்னிக்கு நாங்க இங்க வரவே இல்லை."

"சத்தம்கூடக் கேட்டுச்சே. இங்கதான், இந்தத் தூண்கிட்ட. அப்போ நான் அந்தப் பக்கம் ஒருத்தருக்கு முதுகு தேய்ச்சுக்கிட்டிருந்தேன், திரும்பிப் பாத்தேன், பச்சை சோப்பு கிடந்துச்சு. தினம் தொழுகையில அதைச் சொல்லித்தான் மன்னிப்பு கேக்கறேன். அந்தப் பொண்ணு காலுக்காக இந்த ரமலான் முடிஞ்சப்புறமும் ஆறு நோன்பு அதிகமா வெச்சேன்."

வசீலா வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். என்னை மன்னிச்சுடு என்று முடிக்க வேண்டும் என்பதுவரை அடுக்கியிருந்தாள். அது ஒன்றும் இப்போது வாயில் இல்லை. ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

மன்னூபியா பிரஷைக் கீழே வைத்தாள்.

"அப்போ ஹரிஸா கொண்டு வந்த அன்னிக்கு என்னை மன்னிச்சீங்களே லல்லா" என்றாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அது எதுக்கு?"

வசீலா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மன்னூபியா எழுந்தாள். வாளியை எடுத்துக்கொண்டு, தூணுக்குப் பக்கத்தில், சோப்பு கிடந்ததாகச் சொன்ன அந்தத் தரைக்கல்லை மிதிக்காமல், பழக்கத்தில் சுற்றிக்கொண்டு போனாள்.